வெள்ளைக் குங்கிலிய நாற்று: தாய்மரம் தேடுவது முதல் மூன்றாம் கோடை தாண்டுவது வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான மழைக்காடுகளில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் வெள்ளைக் குங்கிலியம். தாவரவியல் பெயர் வட்டேரியா இண்டிகா. கேரளத்தில் வெள்ளப்பயின் என்பார்கள், கர்நாடகத்தில் தூப மரம். குமரி மாவட்ட மலையடிவாரத்திலும் எல்லை தாண்டிய கேரளப் பக்கத்திலும் பழைய எஸ்டேட் சாலைகள், ஓடைக் கரைகள், காவுகளில் (கோயிலைச் சேர்ந்த சிறுகாடுகள்) இன்னும் பெரிய மரங்கள் நிற்கின்றன. விதை வாங்கிப் போய் "ஒண்ணுகூட முளைக்கல" என்று வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. அவர்கள் செய்ததைக் கேட்டால் வேலை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், வரிசைதான் தப்பியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் எதை எப்போது செய்வது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. மரத்துக்கு முன்னால் உங்கள் இடத்தைப் பாருங்கள்

விதை தேடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய கணக்கு இது. வெள்ளைக் குங்கிலியம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் 700, 800 மீட்டர் வரைதான் நன்றாக வளர்கிறது. சில இடங்களில் 1,200 மீட்டர் அளவுக்கும் ஏறியிருக்கிறது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத, மண் ஆழமான, தண்ணீர் வடியும் சரிவுதான் அதன் வீடு. ஓடையோரம் பிடிக்கும், தேங்கிய தண்ணீர் பிடிக்காது.

மொத்த மழையைவிட, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பதுதான் முக்கியம். தெற்கே போகப் போக வறண்ட காலம் குறையும். குமரி மலையடிவாரத்துக்கும் தென்கேரளத்துக்கும் தென்மேற்குப் பருவமழையோடு வடகிழக்கு மழையும் கிடைப்பதால் மண் முழுசாகக் காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு. வடக்கே உத்தர கன்னடத்தில் மழையின் அளவு ஏராளம், ஆனால் அது சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கே இந்த மரம் ஓடைக்கரை, பள்ளத்தாக்கு போன்ற ஈரமான மடிப்புகளில் ஒதுங்கி நிற்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் நிலம் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளச் சுற்றுவட்டாரத்தில் நாங்கு, ஆயினி, கொங்கு, காட்டுப்புன்னை தானாக வளர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் இதோடு சேர்ந்து வாழும் மரங்கள். இரண்டு மூன்று வகை கண்ணில் பட்டால் தைரியமாக இறங்கலாம். வேம்பும் உடைமரமும்தான் தெரிகிறதென்றால் வேண்டாம். மதுரையிலோ சென்னையிலோ நிழல்வலை கட்டி, சொட்டுநீர் போட்டு ஒரு மரத்தைப் பிழைக்க வைத்துவிடலாம்தான். ஆனால் அது தோட்டக்கலை வேடிக்கை. அந்த உழைப்பை உங்கள் ஊர் மண்ணுக்குச் சொந்தமான மரத்துக்குக் கொடுங்கள்.

2. தாய்மரத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

குங்கிலியம் என்ற பேரில் சந்தையில் புழங்கும் மரங்கள் பல. பேரைச் சொல்லி நாற்றுக் கேட்டால், வீட்டுக்கு வருவது கருங்குங்கிலியமாக இருக்கும். அதன் இலை வேப்பிலைபோல ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கோத்த கூட்டிலை. வெள்ளைக் குங்கிலியத்துக்குத் தனியிலை. இது ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இலையைக் கையில் எடுங்கள். நீளம் ஒரு சாண் இருக்கும், சிலது அதற்கும் மேல். தோல்போலத் தடிப்பு. நடுநரம்பின் இரு பக்கமும் பக்கநரம்புகள் நேராக, நெருக்கமாக, எண்ணிவிடலாம்போல ஓடும். இப்போது காம்பைப் பாருங்கள். இலையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வீங்கி, லேசாக வளைந்திருக்கும். பழகாதவர்கள் இலையின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வீங்கிய முட்டுத்தான் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

பட்டை வெளிறிய சாம்பல் நிறம், அங்கங்கே பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுகள், வயதான மரத்தில் தடித்த வட்டச் செதில்களாக உதிரும். கொழுந்து விடும்போது மரமே சிவப்பாகத் தெரியும். தொலைவிலிருந்து மரத்தைக் குறித்து வைக்க அதுதான் நல்ல நேரம். பால் வருகிறதா என்று பார்க்கிறேன் என்று பட்டையைக் கொத்தாதீர்கள். பிசினுக்காக ஏற்கெனவே கொத்தும் தீயும் வாங்கிய மரங்கள் இவை, போதாக்குறைக்கு ஒட்டுப்பலகைக்காக ஏராளமாக வெட்டப்பட்டவை.

காய் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். இதே குடும்பத்தின் மற்ற மரங்களான கொங்கிலும், அதே காடுகளில் வளரும் டிப்டெரோகார்பஸ் இண்டிகஸிலும், காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் இருக்கும். வெள்ளைக் குங்கிலியக் காயில் சிறகே கிடையாது. ஆறு சென்டிமீட்டர் வரை நீண்ட, வெளிர்பழுப்பான, மூன்றாகப் பிளக்கும் காய். காம்படியில் ஐந்து புறவிதழ்கள் பின்பக்கமாக மடங்கிக் கிடக்கும். சிறகில்லாத கனமான காய் என்பதால் நேராக மரத்தடியில்தான் விழும். ஒரு மரத்தடியில் நூற்றுக்கணக்கில் முளைத்து, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது அதனால்தான்.

சிறுவாணி மலைப்பகுதியில் இதன் நெருங்கிய சொந்தமான வட்டேரியா மேக்ரோகார்ப்பா இருக்கிறது. அதன் காய் இன்னும் பெரியது. கோவை, பாலக்காட்டுப் பக்கத்து நண்பர்கள் இரண்டையும் ஒரே பாத்தியில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழும் மரம், அதன் விதை அந்த மலையைவிட்டு வெளியே போகாமலிருப்பதே நல்லது.

3. அனுமதி

காப்புக்காட்டில் விதை பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், காய் விழுந்த பிறகு மனு எழுத நேரம் இருக்காது. எளிய வழி, சாலையோர மரம், காவு, எஸ்டேட் எல்லை ஆகியவற்றில் உரியவரிடம் வாயால் கேட்டு வாங்கிக்கொள்வது. தென்கர்நாடகத்தில் இதைச் சாலைமரமாகவே நட்டிருக்கிறார்கள்.

4. நாற்றங்கால் முதலில், விதை பிறகு

பெரும்பாலான தோல்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விதை கையில் கிடைத்த பிறகு பை வாங்கப் போவார்கள், மண் கலக்க ஆள் தேடுவார்கள். தேக்குக்கும் வேங்கைக்கும் அது சரி, அந்த விதைகள் சாக்கில் மாதக்கணக்கில் கிடக்கும். இந்த விதைக்கு உறக்கம் என்பதே கிடையாது. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பூத்து, மே கடைசியிலிருந்து ஜூலை வரை, மழை பிடிக்கிற நேரம் பார்த்துக் காய் உதிரும். விழுகிற இடத்தில் ஈரம் காத்திருப்பதால் காய்ந்து தூங்கி எழும் வழக்கம் இந்த மரத்துக்கு வேண்டியிருக்கவில்லை. மழைக்காட்டு மரத்தின் குணமே அது. காய்ந்தால் செத்துவிடும்.

ரப்பர் விதை முளைக்க வைத்தவர்களுக்கு இது புரியும். பலாக்கொட்டையும் அதே சாதிதான்.

ஆகவே மே மாதம் இரண்டாம் வாரத்துக்குள் கீழே சொன்னவை தயாராக இருக்க வேண்டும்.

பைகள்: 8 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவு. சின்னப் பை வேண்டாம். ஆணிவேர் இலைக்கு முன்பே கீழே பாயும், சின்னப் பையின் அடியில் முட்டிச் சுருண்டால் அந்தச் சுருள் வாழ்நாள் முழுக்க நிற்கும். அடியிலும் பக்கத்திலும் துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

மண்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கு ஒரு பங்கு. சாணம் போடுவதானால் பழையதாக, சூடு முழுசாக அடங்கியதாக இருக்கட்டும்.

தாய்மண்: ஒவ்வொரு பைக்கும் ஒரு கைப்பிடி, தாய்மரத்தடியில் சருகை விலக்கிவிட்டு மேல்மண்ணிலிருந்து எடுத்தது. விதைக்கு வாங்கும் அனுமதியில் மண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். இதைத்தான் எல்லோரும் "அது எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்து மரங்களின் நுனிவேரைச் சில பூஞ்சைகள் உறைபோலச் சுற்றி, மண்ணிலிருந்து சத்தும் நீரும் உறிஞ்சிக் கொடுக்கின்றன, பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. தென்னந்தோப்பு மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்கும் என்று நம்ப முடியாது. அது இல்லாத நாற்று சாகாது, ஆனால் வெளிறிப்போய் நின்ற இடத்திலேயே நிற்கும். மண்ணை வறுத்தோ மருந்து ஊற்றியோ சுத்தப்படுத்தினால் கொண்டு வந்த பூஞ்சையையும் கொன்றதாகிவிடும்.

நிழல்: 75 சதவீத நிழல்வலை, தலைக்கு மேலே மட்டுமல்ல, மேற்குப் பக்கமும். பிற்பகல் வெயில் சாய்வாக வந்து கடைசி இரண்டு வரிசையைக் கருக்கிவிடும்.

எலி, அணில், முள்ளம்பன்றி: கொழுப்பு நிறைந்த பருப்பு இது. தென்கர்நாடகத்தில் இதிலிருந்து எடுக்கும் கொழுப்புக்குத் தனி வியாபாரமே உண்டு. மனிதருக்குத் தெரிந்தது எலிக்குத் தெரியாதா? பாத்தியைச் சுற்றியும் மேலேயும் கம்பிவலை வேண்டும். மூங்கில் தட்டி போதும் என்கிறவர்கள் ஒரு ராத்திரியில் திருந்திவிடுவார்கள்.

5. பொறுக்குதல்

மரம் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி காய்க்காது. அதனால் பூக்கும்போதே ஒருமுறை போய் எந்தெந்த மரத்தில் பூ இருக்கிறது என்று குறித்து வைத்துவிடுங்கள். தன்னந்தனியே நிற்கும் ஒற்றை மரத்தைவிட, பத்துப் பதினைந்து மரம் அருகருகே நிற்கும் இடத்தில் பொறுக்குவது நல்லது. தனி மரத்துக்கு வேறு மரத்தின் மகரந்தம் கிடைப்பது அரிது, தன் மகரந்தத்திலேயே கட்டிய விதையில் வரும் நாற்று வலுக்குறைந்து போக வாய்ப்பு அதிகம். ஒரே மரத்தில் நூறு எடுப்பதற்குப் பதில் பத்து மரத்தில் பத்துப் பத்தாக எடுங்கள். நாளைக்கு அவை ஒரு காட்டுத்துண்டாக நிற்க வேண்டியவை.

முதலில் உதிரும் காய்களை விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலும் புழு விழுந்ததும் முற்றாததும்தான் இருக்கும். நன்றாக உதிரத் தொடங்கியதும், தினமும் காலையில் மரத்தடியைக் கூட்டி வைத்து, மறுநாள் காலையில் புதிதாக விழுந்ததைப் பொறுக்குவது சிறந்த முறை. எப்போது விழுந்தது என்று தெரியாத காயில் நம்பிக்கை வைக்க முடியாது. தினமும் போக முடியாதென்றால் இப்படித் தேர்வு செய்யுங்கள்: கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், குலுக்கினால் சத்தம் வரக் கூடாது, தோலில் குண்டூசித் துளை இருக்கக் கூடாது. துளை தெரிந்தால் உள்ளே வண்டுப் புழு தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம்.

முனை வெடித்து வேர் எட்டிப்பார்க்கும் காய்களைப் புதியவர்கள் "கெட்டுப்போச்சு" என்று ஒதுக்குவார்கள். உண்மையில் அவைதான் உறுதியானவை. தனியாக ஒரு கூடையில், வேர் ஒடியாமல், ஈரச்சருகின் மேல் அடுக்குங்கள். வேர் ஒரு விரற்கடைக்கு மேல் நீண்டிருந்தால் மட்டும் விட்டுவிடலாம், அது வழியில் ஒடிந்தே தீரும்.

எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வராதீர்கள். மரத்தடியிலும் சில முளைக்கட்டும், காட்டுப்பன்றிக்கும் பங்கு உண்டு.

மரத்தடியில் ஏற்கெனவே முளைத்து நிற்கும் கன்றுகளைப் பிடுங்கி வருவது எளிதாகத் தோன்றும். வேண்டாம். ஆணிவேர் பாதியில் அறுந்து, பூஞ்சை சுற்றிய நுனிகள் மண்ணிலேயே தங்கிவிடும். உங்கள் சொந்த நிலத்தில் மரம் இருந்தால் மட்டும், முதல் இலைகள் விரிந்த பருவத்தில், மழைநாளில், மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுக்கலாம்.

6. வழியில் சாகாமல் கொண்டுவருதல்

நனைத்துப் பிழிந்த சணல் சாக்கு, அல்லது ஈரமான தென்னைநார்க் கழிவு பரப்பிய காற்றோட்டமுள்ள பெட்டி. இரண்டில் ஒன்று போதும். பாலித்தீன் பையில் போட்டு வாய் கட்டினால் விதை விடும் மூச்சில் உள்ளே சூடேறி, ஊர் வந்து சேர்வதற்குள் பூசணம் பிடிக்கும். அரையடி உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். பஸ்ஸின் மேற்கூரையிலும் காரின் பின்பெட்டியிலும் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இப்படி போன் செய்வார்:

"அண்ணாச்சி, விதையை ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். வேலை இருக்கு, அடுத்த மாசம் போட்டா ஆகாதா?"

"தம்பி, எத்தனை நாளாச்சு வச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்."

"வெட்டிப் பாரு. உள்ளே பழுப்பாயிருந்தா தூக்கிப் போட்டுரு."

பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். தாழ்நில மழைக்காட்டு மரத்தின் விதை குளிரையும் தாங்காது. ஃப்ரிட்ஜின் குளிரில் பருப்பு உள்ளுக்குள்ளேயே சேதமாகிவிடும். வெளியே எடுத்ததும் நன்றாகத் தெரிந்தாலும் முளைக்காது. வீட்டின் குளிர்ந்த மூலையில் ஈரச் சாக்கின் கீழே சில நாட்கள் தாங்கும், அவ்வளவுதான். பொறுக்கிய நாளே விதைப்பதாகத் திட்டமிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளிப்போனால் பரவாயில்லை.

கூரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். எங்கோ ஒரு குடோனில் இரண்டு நாள் கிடந்தால் போதும், பணமும் விதையும் போச்சு.

7. வெட்டிப் பார்த்து, பிறகு விதையுங்கள்

ஒவ்வொரு மரத்திலிருந்து எடுத்ததிலும் நாலைந்தைக் குறுக்காக வெட்டுங்கள். பருப்பு கெட்டியாக, ஈரமாக, கத்தியில் பிசுபிசுப்பு ஒட்டும்படி இருந்தால் நல்லது. உள்ளே கருத்த வரிகளோ, மாவுபோலப் பொடியோ, நெளியும் வெள்ளைப் புழுவோ இருந்தால் அந்தக் குவியலில் எத்தனை தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அதற்கேற்ப அதிகமாக விதையுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கொழுப்பு நிறைந்த இந்த விதையில் மிதப்பது கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

தோலை உரிக்க வேண்டாம். மூன்று மடல்களும் முளைக்கும்போது தானே பிரியும். அவசரப்பட்டு உரிக்கிறவர்கள் முனையில் இருக்கும் முளையைக் கீறிவிடுகிறார்கள்.

விதைக்கும் முறை: பையின் நடுவில் ஒரு குழி, காயைப் படுக்கை வசமாக வைத்துப் பாதி மட்டும் மண்ணில் அழுத்துங்கள். வேர் கூர்முனையிலிருந்து வரும். படுக்க வைத்தால் அது தானே கீழே வளைந்து போய்க்கொள்ளும். முனையை மேல்நோக்கி நிறுத்தினால் வேர் ஒருமுறை மேலே வந்து திரும்பி இறங்கும், தண்டு கோணலாகும். முழுவதும் புதைத்தால் மழை நாட்களில் அழுகும். ஏற்கெனவே வேர் வந்ததற்கு மட்டும் குச்சியால் துளை போட்டு, வேரை நேராகக் கீழே விட்டு மண் அணையுங்கள். மேலே மெல்லிசாக ஒரு படலம் சருகு. காட்டில் அது இருக்கும் நிலையும் இதுதான், பாதி மண்ணிலும் பாதி சருகிலும்.

நாற்றங்கால் பாத்தியில் மொத்தமாக முளைக்க வைத்து, பிறகு பைக்கு மாற்றும் முறையும் உண்டு. ஆள் பலம் உள்ள பெரிய நாற்றங்காலுக்கு அது வசதி. வீட்டில் இருநூறு முந்நூறு செய்கிறவர்களுக்கு நேரடியாகப் பையில் போடுவதுதான் பாதுகாப்பு, ஆணிவேரைத் தொடும் வேலை ஒன்று குறைகிறது.

8. முளை வரும் வாரங்கள்

புதிய விதையானால் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் வேர் இறங்கத் தொடங்கும். மேலே ஒன்றும் தெரியாது. அப்போதுதான் பொறுமையிழந்து விதையைத் தோண்டித் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கினால் வேர்நுனி அறுந்துவிடும். சந்தேகமாக இருந்தால் சருகை விலக்கி, மடல்கள் விரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பருப்புகள் இரண்டும் மண்மட்டத்திலேயே தங்கிவிடும். அவற்றின் காம்புகள் நீண்டு, நடுவிலிருந்து குருத்தை வெளியே தள்ளும். குருத்து வந்த பிறகும் பருப்பு வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். "இலை வந்தாச்சே, இது எதுக்கு?" என்று கிள்ளி எறியக் கூடாது. அடர்ந்த நிழலில் சிறுசெடி இலையால் சம்பாதிப்பது கொஞ்சம்தான், இந்தப் பருப்புதான் அதுவரைக்குமான கட்டுச்சோறு. தானாகச் சுருங்கி விழட்டும்.

தண்ணீர்: மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் பூவாளியால். விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. ஜூலை மழையில் பைகள் குளமாகிறதென்றால் வலைக்கு மேல் சாய்வாகப் பாலித்தீன் விரித்து, நாலு பக்கமும் காற்று வர விடுங்கள். மண்மட்டத்தில் தண்டு கருத்துச் சாயும் நோய் வந்தால் அந்தப் பையை அப்புறப்படுத்திவிட்டு, அடுத்தடுத்த பைகளை இடம் விட்டுப் பரப்பி வையுங்கள். பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது கடைசிக்கும் கடைசி வழி, வேரில் குடியேறும் நல்ல பூஞ்சைக்கும் அதே விஷம்தான்.

9. ஒன்றேகால் வருடம் நாற்றங்காலில்

ஒரு வருடமாவது, முடிந்தால் ஒன்றேகால் வருடம் வளர்க்க வேண்டும். முக்கால் முழ உயரத்தில் விட்டால் புல் மூடிவிடும். ஒரு முழம் தாண்டி, தண்டு பென்சில் தடிமனுக்கு வரட்டும். வளர்ச்சி மெதுவாக இருக்கிறதே என்று யூரியா போடாதீர்கள். இலை பெரிசாகித் தண்டு தொங்கும், வேர்ப்பூஞ்சையும் ஒதுங்கிவிடும்.

பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க, ஆறு மாதம் கழித்து ஒரு பையைக் கவிழ்த்து மண்கட்டியின் ஓரத்தைப் பாருங்கள். நுனிவேர்கள் குட்டையாக, சற்றே தடித்து, கிளைகிளையாகப் பிரிந்து, பக்கத்து மண்ணில் மெல்லிய நூல்போல வெளுப்போடியிருந்தால் வேலை நடக்கிறது. வெறும் மொட்டைவேராக இருந்தால் இன்னொரு கைப்பிடி தாய்மண்ணைக் கரைத்து ஊற்றுங்கள்.

மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் துளை வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும், நடும் நாளில் பையைத் தூக்கும்போது முக்கிய வேர் அறுபடும்.

நடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிலிருந்து நிழலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 75 சதவீத வலையிலிருந்து 50-க்கு, பிறகு காலை வெயில் மட்டும் நேராகப் படும்படி. கோடை உச்சத்தில் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. பழைய இலைகள் கருகினாலும் புதுக்கொழுந்து தடித்து வந்தால் பழகிவிட்டது என்று பொருள்.

10. நடும் இடம்

வெட்டவெளியில் நட்டு ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. இந்த மரத்தின் கன்று பெரிய மரங்களின் நிழலில் வருடக்கணக்கில் காத்திருந்து, மேலே இடைவெளி கிடைத்ததும் எழும் ரகம். ஆகவே நிழல் முதலில் வேண்டும்.

நிழல் இல்லாத நிலமானால் இரண்டு மூன்று வருடம் முன்பே வட்டக்கண்ணி, கிளைரிசிடியா போன்ற வேகமாக வளரும் மரங்களை வையுங்கள். பழைய ரப்பர் தோட்டம் இருந்தால் அதிர்ஷ்டம்தான்: வரிசைக்கு நடுவே, இலை விட்டு இலை வெளிச்சம் விழும் இடங்களில் நடலாம். ஆனால் ரப்பர் கோடைக்கு முன்னால் இலை உதிர்க்கும் என்பதை மறந்துவிடாதீர்கள், சரியாக வெயில் ஏறும் நேரத்தில் கன்று மொட்டை வானத்தின் கீழே நிற்கும். ஆகவே ரப்பருக்கு இடையிலும் பசுமை மாறாத சில செடிகளை விட்டு வையுங்கள்.

நிலத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று சருகுக்குத் தீ வைக்காதீர்கள். கீழ்ச்செடி முழுவதையும் அரிந்து தள்ளவும் வேண்டாம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் போதும்.

11. நடவு

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. நல்ல மழை பெய்து, மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுங்கள். முதல் மழை பார்த்த மறுநாளே நடுகிறவர்கள் ஜூன் நடுவில் வரும் வெயில் இடைவெளியில் மாட்டிக்கொள்வார்கள். குமரி அடிவாரத்தில் தவறவிட்டவர்களுக்கு அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அப்போது நட்டால் கோடைக்கு முன் வேர் ஓட நேரம் குறைவு, முதல் கோடையில் தண்ணீர் ஊற்றத் தயாராக இருங்கள்.

45 சென்டிமீட்டர் கனச்சதுரக் குழி. மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போட்டு, நிரப்பும்போது மேல்மண்ணை முதலில் உள்ளே தள்ளுங்கள். பையைப் பக்கவாட்டில் கீறி எடுங்கள், தலையைப் பிடித்து இழுக்காதீர்கள். மண்கட்டி உடைந்த கன்று அந்த வருடம் முழுவதும் பின்தங்கும். பையில் இருந்த மட்டம்தான் நிலத்திலும் மட்டம், கழுத்துவரை மண் ஏறினால் தண்டு அழுகும். சரிவில் கன்றுக்கு மேல்பக்கம் சின்னதாகப் பிறைபோல ஒரு வரப்பு வைத்தால் மழைவெள்ளம் வேரை அரிக்காது.

இடைவெளி ஐந்தாறு மீட்டர், ஆனால் கயிறு கட்டி வரிசையில் நடாதீர்கள். இதையே முழுசாகவும் நடாதீர்கள். நாங்கு, ஆயினி, கொங்கு எல்லாம் கலந்து வரட்டும். ஒரே மரத்தை மட்டும் நட்டால் ஒரு பூச்சி போதும், எல்லாம் ஒன்றாகப் போகும்.

12. மூன்று கோடை

முதல் கோடையில் ஜனவரியிலிருந்து மே வரை வாரம் இருமுறை தண்ணீர், ஒவ்வொரு முறையும் ஒரு குடம், மெதுவாக. தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை. மூன்றாவதில் இலை தொங்கும்போது மட்டும். சருகு மூடாக்கு ஒரு சாண் உயரத்துக்கு, தண்டைத் தொடாமல்.

கொடிகளை மாதம் ஒருமுறை அறுத்துவிடுங்கள். பேசாமல் ஏறிக் கன்றை அமுக்கிவிடுவது அவைதான். ஆடு மாடு இருக்கும் ஊரானால் முள்வேலி.

மூன்றாம் வருடக் கடைசியில் கன்று ஆளுயரம் வந்து, கொழுந்து சிவப்பாகத் தள்ளத் தொடங்கியதும் மேலே இருக்கும் நிழல்மரத்தின் கிளைகளைக் கழிக்கத் தொடங்குங்கள். முதலில் கிழக்குப் பக்கம் மட்டும். அடுத்த மழையில் கொழுந்து இன்னும் தடித்து வந்தால் மற்றப் பக்கங்களையும் திறக்கலாம், இலை மஞ்சளித்து ஓரம் கருகினால் இன்னொரு வருடம் விட்டுப் பிடியுங்கள்.